பெருந்தொற்றுக்குப் பின் கட்டடம், நகரம், வடிவமைப்புக் கல்வி: எது நிலைத்தது, எது மறைந்தது?

வரைபலகை

நண்பர்களுக்கு வணக்கம். கட்டடக்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவன் என்ற முறையில் நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பின் வந்த மாதங்களில், இனிக் கட்டடங்கள் பழையபடி இருக்கப்போவதில்லை என்று எங்கள் துறையில் எழுதாதவர்களே இல்லை எனலாம். மேசைகளுக்கு இடையே பிளாஸ்டிக் தடுப்புகள், தரையில் ஒட்டிய வட்டங்கள், கைபடாமல் திறக்கும் கதவுகள், நுழைந்ததும் கைகழுவும் இடம் என்று படங்கள் குவிந்தன. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு.

முந்தைய நோய்கள் அப்படி வந்த சுவடு தெரியாமல் போய்விடவில்லை. நியூயார்க்கில் 1901-இல் வந்த குடியிருப்புச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வரும் ஜன்னல் வேண்டும் என்றும், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கழிப்பறை வேண்டும் என்றும் விதித்தது. ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த நெருக்கடியான வீடுகளில், இருட்டு அறைக்கும் வெளிச்ச அறைக்கும் இடையிலிருந்த சுவரை உடைத்து உள்ஜன்னல் வைக்கச் சொன்னது. அந்த உள்ஜன்னல்கள் சில பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. காசநோயைப் பற்றிய அச்சம் சுவரில் ஓட்டையாகவே பதிந்துவிட்டது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

பின்லாந்தில் கட்டடக்கலைஞர் ஆல்வர் ஆல்டோ 1929-இல் போட்டியில் வென்று, 1933-இல் முடித்த பைமியோ காசநோய் மருத்துவமனை இன்னும் நுட்பமானது. படுத்தே கிடக்கும் நோயாளியின் கண்ணிலிருந்து அறையைப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று அவர் எண்ணினார். விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யாத இடத்தில் விளக்கு வைத்தார்; மேற்கூரைக்கு மங்கிய, அமைதியான வண்ணம் பூசினார்; பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூக்கம் கலையாதபடி, தண்ணீர் சாய்வாக விழுந்து ஓசையின்றி வடியும் கைகழுவும் தொட்டியை வடிவமைத்தார். கதவுக் கைப்பிடிகூட மருத்துவரின் அங்கிக் கையில் மாட்டாதபடி வளைந்திருக்கும். காசநோய்க்கு மருந்து வந்து அதன் வேலை முடிந்த பிறகும் அந்தக் கட்டடம் பொது மருத்துவமனையாகப் பயன்பட்டது.

சட்டமாக எழுதப்பட்டதோ, அல்லது ஒரு வரைபடத்தின் உள்ளேயே புகுந்துவிட்டதோதான் நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம். அப்படியென்றால் நம் காலத்துப் பெருந்தொற்று விட்டுச்சென்றது என்ன? நான் தேடிப் பார்த்தவரை அது காற்று மட்டுமே. ஆனால் காற்றை வரையத் தெரிந்த வடிவமைப்பாளர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பது தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன?

காற்றுவழி

ஐயா, கட்டடங்களில் காற்றுக் குழாய்களையும் ஏசி இயந்திரங்களையும் கணக்கிடுவது என் தொழில். காற்றுதான் என்று நீங்கள் சொன்னதில் மகிழ்ச்சி. ஆனாலும் அது புதிதாக வந்த பாடம் அன்று, நாம் ஒருமுறை படித்துவிட்டு மறந்த பாடம் என்பதைச் சேர்க்க வேண்டும்.

மியூனிக் நகரில் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே, அறைக்காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எழுதினார். இன்று நாங்கள் 1000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 1000 பங்கு) என்று சொல்லும் அதே அளவுதான் அது. அந்த வாயு அந்த அளவில் யாரையும் கொல்லாது. மனிதர் வெளிவிட்ட மூச்சு எவ்வளவு அறைக்குள்ளேயே தங்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவே. கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பிய தலைமுறை, நோயின் காரணத்தைப் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொண்டும் கட்டடத்தைச் சரியாகக் கட்டியது. உயர்ந்த கூரை, எதிரெதிர் ஜன்னல், நீண்ட தனித்தனிக் கூடங்கள் கொண்ட மருத்துவமனை எல்லாம் அந்த நம்பிக்கையின் விளைவுகள்.

கிருமிக் கோட்பாடு வென்றபின், காற்றில் நோய் பரவும் என்று சொல்வதே பழைய மூடநம்பிக்கைக்குத் திரும்புவதாகத் தோன்றத் தொடங்கியது. 1970-களில் எரிபொருள் விலை ஏறியதும் கட்டடங்களை இறுக மூடினார்கள். அமெரிக்கக் காற்றோட்டத் தரநெறி 1981-இல் புகைபிடிக்காத அலுவலகங்களுக்கு ஒருவருக்கு நிமிடத்திற்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. தலைவலியும் கண்ணெரிச்சலுமாக ஊழியர்கள் முறையிட்ட பின், 1989-இல் அலுவலகங்களுக்கு அதை 20 ஆக உயர்த்த வேண்டியதாயிற்று. இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் 2020-இல் ஏன் அத்தனை மாதங்கள் மேசையைத் துடைப்பதிலேயே கழிந்தன என்பது விளங்கும். அந்த ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் ஒன்றுசேர்ந்து, தொற்று காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் தடுப்புகள் மறைந்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அவை மறைந்தது நல்லதே. எதிரே இருப்பவர் தும்மினால் தெறிக்கும் பெரிய துளியை அவை தடுக்கும். புகைபோல மிதக்கும் நுண்துளிகளைத் தடுக்காது. சில அறைகளில் காற்று நகர்வதையே அவை கெடுத்தன.

ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 7, உயரம் 3. கொள்ளளவு 168 கன மீட்டர். அதில் மணிக்கு 5 முறை காற்று மாற வேண்டும் என்றால் 840 கன மீட்டர் தூய காற்று வேண்டும். 35 பேர் அமர்ந்தால் ஒருவருக்கு நொடிக்கு ஏறத்தாழ 6.7 லிட்டர். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு இந்த 5 தான். அதே ஆண்டு அமெரிக்கக் காற்றோட்டப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வெளியிட்ட 241-ஆம் தரநெறியோ, தொற்று பரவும் காலத்தில் வகுப்பறைக்கு ஒருவருக்கு நொடிக்கு 20 லிட்டர் கேட்கிறது. நம் அறையில் அது மணிக்கு 15 முறைக்குச் சமம். வெளிக்காற்றைக் கொண்டு மட்டும் இதை எட்ட வேண்டியதில்லை, ஃபில்டரில் வடிகட்டிய காற்றும் கணக்கில் சேரும். அறையின் கொள்ளளவை மட்டும் பார்த்துப் போடும் கணக்குக்கும், உள்ளே எத்தனை பேர் என்று பார்த்துப் போடும் கணக்குக்கும் உள்ள இந்த இடைவெளியை வரைபடம் போடுபவர் உணராவிட்டால், பிறகு நான் வந்து எந்தக் குழாயை எங்கே நுழைப்பது? பொய்க்கூரைக்கு மேல் இடமே விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். 2003-இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 42 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்குடன் வந்த ஒரு நோயாளி அங்கே தங்கிச் சென்றதிலிருந்து அது தொடங்கியது. குளியலறைத் தரை வடிகாலுக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதில் தேங்கும் சிறிது தண்ணீர்தான் கழிவுக்குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. குடியிருப்பவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து வந்ததால், பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டதும் அது கழிவுக்குழாயிலிருந்து கிருமி கலந்த காற்றை உறிஞ்சிக் கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விடப்பட்ட குறுகலான இடைவெளிக்குள் தள்ளியது. வெதுவெதுப்பான அந்தக் காற்று மேலெழுந்து மேல்மாடி ஜன்னல்கள் வழியே நுழைந்தது. வளைந்த குழாய் இருந்தும் பயனில்லை. அந்தக் குழாய்க்கு அவ்வப்போது ஒரு குவளைத் தண்ணீர் வேண்டும் என்பதுதான் யார் நினைவிலும் இல்லை.

நடைபாதை

கட்டடத்துக்குள்ளேயே நின்றுவிடாமல் தெருவுக்கும் வருவோம். நகரத் திட்டமிடலில் பணிபுரியும் எனக்கு 2020-இல் மிகவும் கவலை தந்தது, அடர்த்தியான நகரங்களே நோய்க்குக் காரணம் என்ற பேச்சு. அந்தப் பேச்சை நம்பி நகரங்களைப் பரத்திக் கட்டத் தொடங்கினால், காரின்றி வாழ முடியாத ஊர்கள்தாம் பெருகும். ஹாங்காங், சியோல், தைபே போன்ற மிக நெருக்கமான நகரங்கள் முதல் அலையை எவ்வாறு கையாண்டன என்பதைப் பார்த்தவர்கள் அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

அடர்த்தி வேறு, நெரிசல் வேறு. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது அடர்த்தி. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், ஒரு கழிப்பறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்பது நெரிசல். சிங்கப்பூரில் 2020-இல் தொற்றுக்குள்ளானவர்களில் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அதே நகரத்தில், அதே அடர்த்தியில், தனித்தனிக் குடும்பங்களாக வீடுகளில் வாழ்ந்தவர்களிடையே பரவல் மிகக் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டே அங்கே புதிய விடுதிகளுக்கு விதி மாறியது: ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, 6 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும். பழைய விடுதிகளுக்கு நீண்ட அவகாசம் தரப்பட்டிருப்பது எனக்கு உடன்பாடானதன்று. ஆயினும், ஒரு பெருந்தொற்று நேராக விதியாக மாறியதற்கு நான் அறிந்த தெளிவான எடுத்துக்காட்டு இதுவே. இது எந்தக் கட்டடக்கலை இதழின் அட்டையிலும் இடம்பெறத்தக்க அழகான படம் அன்று. ஒருவேளை அதனால்தான் நம் துறை இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தெருக்களில் நடந்தது இன்னும் விரைவானது. போகோட்டாவில் 2020 மார்ச் மாதத்திலேயே போக்குவரத்துக் கூம்புகளை வைத்து சைக்கிள் பாதைகளை நீட்டினார்கள். மிலான் நகரம் ஏப்ரலில் 35 கிலோமீட்டர் தெருக்களை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது. பாரிசின் ரிவோலி தெருவில் மே மாதத்தில் தனியார் கார்களுக்குப் பெரும்பாலும் தடை வந்தது. அது இன்றுவரை சைக்கிள்களின் தெருவாகவே இருக்கிறது. வழக்கமாகக் கருத்துக்கேட்பு, வரைவு, எதிர்ப்பு, மறுவரைவு என்று பல ஆண்டுகள் இழுக்கும் வேலை ஒரு சில வாரங்களில் முடிந்தது. முதலில் செய்து பார்த்து, பிறகு திருத்தி, அதன்பின் நிலையாகக் கட்டலாம் என்பதை நகராட்சிகள் கற்றுக்கொண்டன.

ஆனால் வண்ணம் பூசிய கோட்டை ஓர் இரவில் அழித்துவிடலாம். கல் பதித்துக் கட்டிய ஓரக்கட்டையை அழிக்க வேண்டுமென்றால் யாராவது கோப்பில் கையெழுத்திட வேண்டும். நியூயார்க்கில் 2020 ஜூனில் உணவகங்கள் சாலையோரத்தில் மேசை போட அனுமதி கிடைத்தது. 2023-இல் அது முறையான சட்டமானபோது, சாலைப்பரப்பில் இருக்கும் இருக்கைகள் ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் என்று சுருங்கியது. நிலைத்தது என்றும் சொல்லலாம், பாதி பின்வாங்கியது என்றும் சொல்லலாம்.

தாழ்வாரம்

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. உலகம் முழுவதும் மக்கள் நாட்கணக்கில் அடைந்துகிடந்தது வீட்டில்தானே?

பிரான்சின் போர்தோ நகரில் கிராண்ட் பார்க் என்ற குடியிருப்பு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் எழுந்த மூன்று பெரிய கட்டடங்கள், 530 வீடுகள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பலரும் எண்ணக்கூடிய வகை. லாகத்தோன், வசால் இருவரும் வேறு கட்டடக்கலைஞர்களுடன் சேர்ந்து அவற்றை இடிக்காமல், வெளிச்சுவருக்கு முன்னால் 3.8 மீட்டர் ஆழத்தில் கண்ணாடியடைப்பும் திறந்த மாடமும் கொண்ட ஒரு கூடுதல் அடுக்கைச் சேர்த்தார்கள். சிறிய ஜன்னல்கள் இருந்த இடத்தில் அகன்ற கண்ணாடிக் கதவுகள் வந்தன. குடியிருந்தவர்கள் வேலை நடந்த காலம் முழுவதும் தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இது பெருந்தொற்றுக்கு முன்பே முடிந்த பணி. தொற்று வந்த பிறகே, அந்த 3.8 மீட்டர் எவ்வளவு பெரிய செல்வம் என்பது பலருக்கு விளங்கியது. அவ்விருவருக்கும் 2021-இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

எந்த வேலைக்கென்றும் பெயரிடாத ஓர் இடம் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும் என்பதே என் கட்சி. ‘வீட்டு அலுவலக அறை’ என்று பெயரிட்டு ஒரு சிறிய பெட்டியை வரைபடத்தில் நுழைத்து விற்பதை நான் முன்னேற்றமாகக் கருதவில்லை.

இறுதியாண்டு

வணக்கம். வரைபலகை ஐயா கல்வியையும் தலைப்பில் சேர்த்திருந்தார்; அதைப் பற்றி எழுதுகிறேன். கட்டடக்கலைப் படிப்பின் ஒரு பகுதியைத் திரை வழியாகக் கற்றவர்களில் நானும் ஒருத்தி.

எதை இழந்தோம் என்று கேட்டால், பலரும் ஆசிரியரின் நேரடிக் கவனம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆசிரியர் திரையிலும் இருந்தார். ஸ்டுடியோ என்ற வடிவமைப்புப் பயிற்சிக் கூடத்தில் பக்கத்து மேசைக்காரர் இல்லாததுதான் இழப்பு. அவர் மாடலில் படிக்கட்டை வெட்டி ஒட்டுவதைப் பார்த்தபடியே நம் படிக்கட்டின் பிழையைக் கண்டுபிடிப்போம். யாரும் யாருக்கும் கற்றுத்தரவில்லை, ஆனால் எல்லோரும் கற்றுக்கொள்வோம். ஜூரியன்று, அதாவது மதிப்பீட்டுக் குழு எங்கள் வேலையைப் பார்க்கும் நாளில், இருபது பேரின் தாள்கள் ஒரே சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்போது, எது வலுவானது என்று கண் தானாகவே ஒப்பிட்டுக்கொள்ளும். திரையில் ஒரு நேரத்தில் ஒரு தாள்தான். அடுத்தது வந்ததும் முந்தையது மறைந்துவிடும்.

அளவுணர்வும் போயிற்று. கணினியில் உருட்டினால் கைப்பிடியும் தெரிகிறது, நகரமும் தெரிகிறது. இரண்டும் ஒரே திரையகலம். நடைவழிக்கு 1.2 மீட்டர் என்று போட்டுவிட்டு, அது எவ்வளவு குறுகல் என்பதை உடம்பால் அறியாமலே பலர் அடுத்த ஆண்டுக்குப் போனார்கள். எங்கள் ஆசிரியை ஒருவர் இதைக் கவனித்து, அவரவர் இருக்கும் அறையையே நாடா பிடித்து அளந்து, 1-க்கு 20 என்ற அளவில், கதவு திறக்கும் வளைவு, அலமாரியின் ஆழம், ஒருவர் அமர்ந்திருக்கும்போது இன்னொருவர் கடந்துபோக மிஞ்சும் இடம் உட்பட வரையச் சொன்னார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த பயிற்சி அதுவே. ஆனால் அந்தத் தாள்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சிலர் அறையில் ஒரு மேசையும் ஒரு ஜன்னலும். சிலர் வரைந்த அறையில் ஐந்து பேரின் படுக்கை. அந்த மாணவர்கள் ஏன் கேமராவை அணைத்தே வைத்திருந்தார்கள் என்பதை யாரும் கேட்காமலே வகுப்பு புரிந்துகொண்டது.

பெற்றவையும் உண்டு. வேறு நாட்டுக் கட்டடக்கலைஞர்கள் பயணச் செலவின்றி ஜூரியில் அமர்ந்தார்கள். எல்லோர் முன்னும் வாய் திறக்கத் தயங்கியவர்கள் எழுத்தில் கேள்வி கேட்டார்கள். இரவு முழுவதும் ஸ்டுடியோவில் விழித்திருப்பதே உழைப்பின் அடையாளம் என்ற பழக்கம் சிறிது காலமாவது நின்றது. அது திரும்பி வந்ததைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

வரைபலகை

இறுதியாண்டு எழுதியதை எங்கள் துறைக் கூட்டத்தில் வாசிக்க விரும்புகிறேன். கணினி, இணையம் ஆகியவற்றைச் சுற்றியே கல்வி விவாதம் நின்றுவிட்டது. என்ன கற்பிக்கிறோம் என்பதை நாம் தொடவே இல்லை. காற்றோட்டம் இன்றும் பல பாடத்திட்டங்களில் கட்டடச் சேவைகள் என்ற தாளின் ஓர் அலகு. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் படித்து மறந்துவிடுவது. ஸ்டுடியோவில் வடிவம், பொருள், கருத்து என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையில் கூரை உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் இயற்கைக் காற்று நன்கு புகும், எதிரெதிர் ஜன்னல் இருந்தால் ஐந்து மடங்கு வரை போகலாம் என்ற எளிய கணக்கை மாணவர் தன் தரைப்படத்தில் பொருத்திப் பார்க்கிறாரா என்று கேட்பதில்லை.

ருவாண்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புட்டாரோ மருத்துவமனையை நான் மாணவர்களுக்குக் காட்டுவதற்கு இதுவே காரணம். நோயாளிகள் நெருக்கியடித்துக் காத்திருக்கும் உள்நடைவழிகளை அதை வடிவமைத்த மாஸ் டிசைன் குரூப் என்ற நிறுவனம் முற்றாக நீக்கிவிட்டு, அவற்றைத் திறந்த தாழ்வாரங்களாக வெளியே வைத்தது. கட்டில்கள் சுவரோரம் இல்லை. கூடத்தின் நடுவிலுள்ள குட்டைச் சுவரில் தலைவைத்து, ஜன்னலைப் பார்த்தபடி இருக்கின்றன. மேலே மெதுவாகச் சுழலும் மிகப் பெரிய விசிறிகளும், கிருமியை அழிக்கும் புறஊதா விளக்குகளும். ஒவ்வொரு முடிவும் காற்றிலிருந்து பிறந்தது. கட்டடமும் அழகாக இருக்கிறது.

அடுத்த பருவத்துக்கு ஒரு ஸ்டுடியோப் பாடத்தைத் திட்டமிடுகிறேன். பயன்பாட்டிலிருக்கும் ஒரு வகுப்பறைத் தொகுதியை மாணவர்கள் அளந்து, பாடம் நடக்கும்போதே கரியமில வாயு அளவையும் பதிவுசெய்து, பிறகு அதைத் திருத்தி வடிவமைக்க வேண்டும். புதிய கட்டடம் கிடையாது.

காற்றுவழி

இரண்டு சேர்க்கைகள். முதலாவது, பராமரிப்புக்கென்று ஒரு தாளைக் கட்டாயமாக்குங்கள். எந்த ஃபில்டரை யார், எத்தனை மாதத்திற்கு ஒருமுறை, எந்த ஏணியில் ஏறி, எந்தக் கதவைத் திறந்து மாற்றுவார் என்பதை, கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற வெட்டுப்படமாக வரைய வேண்டும். மதிப்பெண்ணில் அதற்குக் கணிசமான பங்கு இருக்க வேண்டும். இரண்டாவது, ஜூரியையும் கரியமில வாயு அளவியை இயக்கிவைத்தபடி அதே அறையில் நடத்துங்கள். வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம் இருக்கும். கதவை மூடி முப்பது பேர் அமர்ந்தால் எண் ஏறிக்கொண்டே போவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் 2021-இல் ஏறத்தாழ 3 இலட்சம் அளவிகளைப் பள்ளிகளுக்குத் தரப்போவதாக அரசு அறிவித்தது. அளவி எண்ணைக் காட்டும்; ஜன்னலைத் திறக்காது. எண் ஏறினால் என்ன செய்வது, திறக்க முடியாத ஜன்னல் என்றால் யாரிடம் சொல்வது என்பதையும் உங்கள் மாணவர்கள் எழுதட்டும்.

இறுதியாண்டு

அந்த ஸ்டுடியோவில் சேர எனக்கு இனி வாய்ப்பில்லை என்றாலும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஜன்னலை ஏன் மூடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள் ஐயா. தெருவின் இரைச்சலில் ஆசிரியர் குரல் கேட்காது, வெயிலோ குளிரோ தாங்காது, தூசி வரும், தாள் பறக்கும், கடைசி வரிசையில் இருப்பவருக்குத் திரை தெரியாதபடி வெளிச்சம் அடிக்கும். மூடுபவர் அறியாமையால் மூடவில்லை. அவர் சொல்லும் காரணம் ஒவ்வொன்றும் நியாயமானது. வகுப்பில் இருப்பவர்களிடமும் அறையைப் பூட்டித் திறக்கும் ஊழியரிடமும் கேட்டு, அந்தக் காரணங்களை முதல் வாரத்திலேயே பட்டியலிட்டுவிட்டால், ஓசையைத் தடுத்துக் காற்றை விடும் திறப்பு, மேலே தனியாகத் திறக்கும் சிறு ஜன்னல், வெயில் மறைப்பு என்று எதை வரைய வேண்டும் என்பது அந்தப் பட்டியலிலிருந்தே வரும்.

வரைபலகை

அப்படியே செய்கிறோம். முதல் வாரப் பணியாக அதையே வைக்கிறேன். அந்த ஊழியரை ஜூரியிலும் அமரச் சொல்வேன்.